வேங்கையின் சிவப்பு

மரங்கள் வாய் திறந்து பேசிய காலத்தில், மேற்கு மலையில் ஆனைச்சரிவு என்றொரு ஊர் இருந்தது. ஊருக்கு மேலே, பெரிய பாறை ஒன்றுக்கு எதிரே, ஒரு வேங்கை மரம் நின்றது. அதை யார் நட்டார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஊர் வருவதற்கு முன்பே மரம் வந்துவிட்டது. ஊரார் எல்லாரும் கைகோத்துச் சுற்றி நின்றாலும் அடிமரம் கைக்குள் அடங்காது. உச்சியில் அது மஞ்சளாகப் பூக்கும்போது, அடுத்த மலையில் தேன் எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்த்து, "ஆனைச்சரிவுல சாமி பூத்தாச்சு" என்று சொல்லிக்கொள்வார்கள்.

அந்தக் காலத்து வேங்கையைக் கீறினால் கொஞ்சம் தண்ணீர் கசியும். அவ்வளவுதான். மற்ற மரங்களைப் போலத்தான் அதுவும். ஆனால் மற்ற மரங்களுக்கு இல்லாத ஒரு வேலை அதற்கு இருந்தது. இறந்தவர்களை அழைப்பது அதன் வேலை.

ஊரில் யாராவது இறந்துபோனால் அவருடைய உருவத்தைப் பாறையில் வரைவார்கள். அந்த உருவம் ஒரு மழையைத் தாங்க வேண்டும். தாங்கிவிட்டால் வேங்கை அவருடைய பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடும். இறந்தவர் அந்தக் குரலைக் கேட்டு வந்து தன் உருவத்துக்குள் புகுந்து, பாறைக்கு உள்ளே இருக்கும் தன் முன்னோர்களோடு சேர்ந்துகொள்வார். அதற்குப் பிறகு உருவம் அழிந்தாலும் பரவாயில்லை. அதுவரைக்கும் அவர் மரத்தடியில் நின்று காத்திருக்க வேண்டியதுதான். மனிதர்களின் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். காட்டில் வாழும் உயிர்களுக்குத் தெரிவார்.

உருவம் வரைகிறவள் மாதி. பிடிவாதக்காரி. மானின் கால் கொஞ்சம் கோணிவிட்டால்கூட முழு மானையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவாள். சோறு ஆறிப்போகும், கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டார் ஓய்ந்துபோவார்கள், அவள் இறங்கி வரமாட்டாள். குச்சியின் நுனியை மென்று நார்நாராக்கி, அடுப்புக்கரியையும் செம்மண்ணையும் குழைத்து வரைவாள். அந்த நாட்களில் மலையில் மழை என்றால் சாரல்தான். கரிக்கும் செம்மண்ணுக்கும் அது ஒன்றும் செய்யாது.

ஒரு வருடம் மழை மாறியது. வானம் கிழிந்ததுபோலக் கொட்டியது. ஓடைகள் தம் வழியை விட்டு ஊருக்குள் வந்தன. அப்போதுதான் மாதியின் தங்கை நஞ்சி இறந்தாள். சரிவில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவள் மேல் மலை சரிந்து விழுந்தது. அவளோடு இன்னும் சிலரும் போனார்கள். நஞ்சியின் புருஷன் கொக்கன் வெறுங்கையால் மண்ணைத் தோண்டி அவளை வெளியே எடுத்தான். அவன் நகங்கள் எல்லாம் பிய்ந்திருந்தன.

மாதி அழுது முடிக்கவில்லை. அதற்குள் பாறைக்குப் போய்விட்டாள். நஞ்சியை வரைந்தாள். கிழங்குக்கூடை தோளில் தொங்க, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற நஞ்சியை வரைந்தாள். மழை வந்தது, உருவம் போய்விட்டது. பாறை காய்ந்ததும் மறுபடி வரைந்தாள். இந்தத் தடவை மண்ணைத் தடிமனாக அப்பினாள். மழை அதையும் உரித்துக்கொண்டு போனது. பச்சிலைச் சாறு பிழிந்து பார்த்தாள். அது காலையில் பச்சையாக இருந்து, மாலையில் பழுப்பாகி, மழை வருமுன்பே உதிர்ந்தது.

வேட்டைக்காரர்களிடம் கேட்டு மானின் இரத்தம் வாங்கி வந்து வரைந்தாள். சிவப்பு நன்றாகத்தான் ஏறியது. ஆனால் விடிந்து போய்ப் பார்த்தால் நஞ்சியின் முகம் ஊர்ந்துகொண்டிருந்தது. எறும்புகள்.

"அட, இது ஒருத்தியோட முகமா?" என்றது ஒரு எறும்பு, வாயில் ஒரு துணுக்கோடு. "எங்களுக்குத் தெரியலையே. ரத்தம்னு நெனச்சிட்டோம்."

"ரத்தம்தான்," என்றாள் மாதி. "போங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

கொக்கன் தினமும் பாறைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பான். அன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

"போதும் மதினி. விட்டிடுங்க."

"எதை விடுறது?"

"இதை. நீங்க வரைவீங்க, மழை அழிக்கும். ஒவ்வொரு தடவையும் அவ திரும்பச் சாகிற மாதிரி இருக்கு எனக்கு."

மாதி குச்சியைக் கீழே வைக்கவில்லை. "அவ அங்க மரத்தடியில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா கொக்கா. உன்னால விட முடியுமா?"

கொக்கன் குனிந்துகொண்டான். "அவளுக்குக் கன்னத்துல ஒரு மச்சம் இருந்துச்சு. எந்தப் பக்கம்னு நேத்து யோசிச்சேன். எனக்கு ஞாபகம் வரல மதினி. கூடவே வாழ்ந்தவன். எனக்கு ஞாபகம் வரல."

மாதி தன் தங்கையின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். இடப்பக்கம் என்று தோன்றியது. உடனே வலப்பக்கம் என்றும் தோன்றியது. இன்னும் ஒரு மழைக்காலம் போனால் வரைவதற்கு நஞ்சியே மிஞ்சமாட்டாள் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவள் எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அழியாத நிறம் இந்தக் காட்டுல எங்கயாவது இருக்கும். அதைக் கொண்டுவராம நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன்," என்றாள்.

காடு முழுக்க அலைந்தாள். கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டாள். மயில் தன் நிறம் இறகோடு சரி என்றது. ஓடையில் கிடந்த காவிக்கல் தன்னை உரசிப் பார்க்கச் சொன்னது, உரசினாள், அதுவும் மழையில் கரைந்தது. கடைசியில் பட்ட மரம் ஒன்றில் கொத்திக்கொண்டிருந்த மரங்கொத்தி அவளைப் பார்த்துத் தலையைத் திருப்பியது.

"சிவப்பா தேடுற?" என்று கேட்டது.

"எதுவா இருந்தாலும் சரி. மழையில நிக்கணும்."

"நான் கொத்தாத மரம் இந்த மலையில கிடையாது. எல்லா மரத்துக்கும் உள்ள வெளுப்புதான், மிஞ்சிப்போனா மஞ்சள். ஒரே ஒரு மரத்துல மட்டும் ஆழத்துல சிவப்பைப் பார்த்தேன். அலகு நுனியில பட்டது இன்னிவரைக்கும் போகல, பாரு." மரங்கொத்தி அலகைக் காட்டியது. நுனியில் ஒரு பொட்டு சிவப்பு இருந்தது. மாதி விரலால் தேய்த்தாள், ஓடைத் தண்ணீரால் கழுவினாள், மணலால் தேய்த்தாள். போகவில்லை.

"எந்த மரம்?"

மரங்கொத்தி சொல்லத் தயங்கியது. "நான் சொன்னேன்னு சொல்லாதே," என்றது. பிறகு சொன்னது. "உங்க சாமிதான்."

மாதி வேங்கையின் அடியில் போய் நின்றாள். மரத்தின் உச்சிக்கிளையில் கூடு கட்டியிருந்த மலையணில், தன் நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி அவளையே பார்த்தது. மரம் அவள் வாய் திறக்கும்வரை காத்திருந்தது.

"சாமி, உன் உள்ள சிவப்பு இருக்காமே?"

"இருக்கு," என்றது வேங்கை. அதன் குரல் தாழ்வாக, நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது.

"அதைக் குடு சாமி. என் தங்கச்சியை வரையணும்."

"நானா குடுக்க முடியாது. அது என் நெஞ்சுல இருக்கு. கோடாலியால நெஞ்சுவரைக்கும் வெட்டினாத்தான் வெளியே வரும். இன்னொண்ணு கேட்டுக்கோ. என் குரலும் அதே இடத்துலதான் இருக்கு. சிவப்பு வெளியே வந்தா குரல் போயிடும். எனக்கு மட்டும் இல்ல. எல்லா வேங்கைக்கும்."

மாதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிறம் கிடைத்தால் அழைக்கக் குரல் இல்லை. குரல் இருந்தால் நிற்க உருவம் இல்லை. இதற்கு அவள் என்ன செய்வாள்?

பேச்சு ஊருக்கு எட்ட நேரமாகவில்லை. மலையணிலே கிளைக்குக் கிளை தாவிப் போய்ச் சொல்லிவிட்டது. ஊர் மூப்பன் பெள்ளன் முன்னால் வர, எல்லாரும் மரத்தடிக்கு ஓடிவந்தார்கள். பெள்ளனுக்கு மூச்சு வாங்கியது.

"சாமியை வெட்டப் போறியாமே?"

"இன்னும் முடிவு பண்ணல மூப்பா."

"முடிவு பண்றதுக்கு நீ யாரு? நஞ்சி ஒருத்திக்காக, இனிமே சாகப்போற அத்தனை பேரையும் வெளியே நிறுத்தப் பார்க்கிறியா? நாளைக்கு எங்களை யார் கூப்பிடுவா?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. மாதி எழுந்து நின்றாள். அவளுக்கு உண்மையிலேயே அப்போதுதான் முடிவு வந்தது. பெள்ளனின் கேள்விதான் அதைக் கொண்டுவந்தது.

"மூப்பா, மழை மாறிப்போச்சு. இனிமே இப்படித்தான் கொட்டும். நாளைக்கு நீங்க செத்தா உங்களையும் நான்தான் வரைவேன். நல்லாவே வரைவேன். ஒரே மழையில ஓடையில போயிடுவீங்க. அப்புறம் கூப்பிடுறதுக்குச் சாமிக்கு வாய் இருந்து உங்களுக்கு என்ன லாபம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மலையணில் மேலேயிருந்து காய்ந்த குச்சி ஒன்றை மாதியின் தலைமேல் எறிந்தது. "அவ பேச்சைக் கேக்காதீங்க! இது எங்க வீடு. செத்தவங்க நின்னா நிக்கட்டுமே. அவங்களுக்குக் கால் வலிக்குமா?"

அப்போது வேங்கை பேசியது. எல்லாரும் அடங்கினார்கள்.

"அணிலே, நீ மேல இருக்க. அவங்க என் வேர் மேல நிக்கிறாங்க. நஞ்சி நிக்கிறா. மண்ணு விழுந்து செத்த மத்தவங்களும் நிக்கிறாங்க. 'எப்ப கூப்பிடுவே'ன்னு தினமும் கேக்கிறாங்க. பாறையில உருவம் இல்லாம நான் கூப்பிட்டா அவங்க எங்க போவாங்க? அவங்களுக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்ல. பதில் சொல்ல முடியாத குரலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? மாதி, கோடாலி எடு."

கொக்கன் சட்டென்று முன்னால் வந்தான். "நான் வெட்டுறேன். மதினிக்கு மரம் வெட்டிப் பழக்கமில்ல."

"வேண்டாம்," என்றது வேங்கை. "கேட்டவ அவ. அவ கையாலயே வெட்டட்டும். பாரத்தை இன்னொருத்தர் தோள்ல ஏத்த வேண்டாம்."

கோடாலியைக் கொண்டுவந்து மாதியின் கையில் கொடுத்தார்கள். அவள் கை குச்சி பிடித்த கை. கோடாலி கனத்தது. அவள் முதலில் மரத்தை விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது அவள் முகத்தில் அழுகை இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓங்கினாள். முதல் வெட்டு பட்டையில் வழுக்கியது. இரண்டாவது பட்டையைப் பிளந்தது. அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. கைப்பிடி வழுக்கியபோது புடவை நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் "ம்" என்றது, வலியில் இல்லை, அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்வதுபோல. கூட்டத்தில் பெண்கள் திரும்பி நின்றுகொண்டார்கள். மலையணில் கூட்டைவிட்டு இறங்கி, அடிமரத்தின் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

ஒரு வெட்டுக்கு "ம்" வரவில்லை.

மாதி கோடாலியை நிறுத்தினாள். வெட்டுவாயிலிருந்து ஒரு துளி எட்டிப் பார்த்தது. சிவப்புத் துளி. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு கோடாக வழிந்து பட்டைமேல் இறங்கியது.

"சாமி?" என்றாள் மாதி.

இலைகள் அசைந்தன. அது காற்று. வேறொன்றும் இல்லை.

பெள்ளன் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சிலர் ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள். ஆனால் சிவப்பு அதற்குள் பட்டைமேல் உறையத் தொடங்கியிருந்தது. உறைந்தால் கல்லாகிவிடும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மாதிக்கு அழ நேரமில்லை. அவள் ஒரு மூங்கில் குழாயில் சிவப்பைப் பிடித்தாள். தேவையானது சேர்ந்ததும் ஈரக் களிமண்ணைக் குழைத்து மரத்தின் காயத்தில் அப்பினாள், உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். பிறகு பாறைக்கு ஓடினாள்.

வரையும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. கூடை வந்தது. சாய்ந்த தோள் வந்தது. கை வந்தது. முகத்துக்கு வந்ததும் அவள் குச்சி நின்றது. மச்சம் எந்தப் பக்கம்?

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நஞ்சி சிறுமியாக அவள் மடியில் படுத்திருக்க, தான் அவளுக்குப் பேன் பார்த்ததை நினைத்தாள். நஞ்சி எப்போதும் ஒரு பக்கமாகத்தான் படுப்பாள். அவள் படுத்தால் மச்சம் மாதியின் தொடையில் அழுந்தும், மேலே தெரியாது. எந்தத் தொடை? வலத் தொடை. தலை அந்தத் தொடையில், கால் வலப்பக்கம் நீண்டு, முகம் வெளியே பார்த்து. மாதி தன் மடியைத் தானே தொட்டுப் பார்த்தாள். கண்ணைத் திறந்து, இடக்கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

மேகம் அதற்குள் மலைமேல் இறங்கிவிட்டது. மழை வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. பாறையிலிருந்து சிவப்புத் தண்ணீர் ஓடையாக வழிந்து எல்லார் காலடியிலும் ஓடியது. "போச்சு," என்று பெள்ளன் அலறினான். "உருவமும் போச்சு, குரலும் போச்சு!" மாதி மட்டும் நனைந்தபடி பாறைக்கு முன்னால் நின்றாள். போய்விட்டதா என்று பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மழை விடும்வரை நகராமல் நின்றாள்.

மழை விட்டது. மேலோட்டமாக இருந்த சிவப்பைத்தான் தண்ணீர் கழுவியிருந்தது. பாறைக்குள் ஊறியது அப்படியே இருந்தது. கூடையைத் தோளில் மாட்டி, ஒரு பக்கம் சாய்ந்து நடந்துகொண்டிருந்தாள் நஞ்சி.

எல்லாரும் வழக்கப்படி வேங்கையைத் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கப்படி காத்திருந்தார்கள். மரம் பேசவில்லை. நேரம் போனது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்று பெள்ளன் மெல்லக் கேட்டான். இந்தத் தடவை அவன் குரலில் கோபம் இல்லை. யாருக்கும் தெரியாததால் அவளைக் கேட்டான். மாதிக்கும் தெரியவில்லை.

கொக்கன் பாறைக்கு அருகே போயிருந்தான். இடக்கன்னத்துப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஆமா," என்றான். "இந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம்தான்." பிறகு யாரையும் கேட்காமல், மரத்தின் பக்கம் திரும்பி, கிழங்குக்காட்டிலிருந்து அவளைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான்.

"நஞ்சீ!"

மனிதக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மாதி மரத்தில் ஒட்டியிருந்த மலையணிலைப் பார்த்தாள். அதன் கண்கள் எதையோ தொடர்ந்து நகர்ந்தன. வேரிலிருந்து, ஈரப் புல்லின் மேலாக, கொக்கனைக் கடந்து, பாறைவரை போய் நின்றன.

மலையணில் வாலைத் தாழ்த்தியது.

"போயிட்டா," என்றது. "உன்னைத் தொட்டுட்டுத்தான் போனா கொக்கா."

அன்றைக்கே மாதி மூங்கில் குழாயில் மிச்சமிருந்த சிவப்பால் மற்றவர்களையும் வரைந்தாள். அந்த உருவங்களும் அடுத்த மழையைத் தாங்கின. ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டார் வந்து பாறைக்கு முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சிலர் அழுதுகொண்டே கூப்பிட்டார்கள். சிலர் திட்டிக்கொண்டே கூப்பிட்டார்கள். எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் மாதி வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைத்தாள்.

வேங்கையைக் கீறினால் இரத்தம்போலச் சிவப்பு வடிவதும், அது வாய் பேசாமல் நிற்பதும் அந்த நாள் தொடங்கித்தான். ஆனைச்சரிவில் பாறைமேல் வரைகிறவர்கள் இன்றைக்கும் வேங்கைச் சிவப்பை வேண்டிய அளவு மட்டும் எடுத்து, காயத்தை மண்ணால் மூடிவிட்டு வருகிறார்கள். வரைந்த உருவம் ஒரு மழையைத் தாங்கியதும் இறந்தவருடைய பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.